சிக்னலில் கொட்டும் வியர்வை

மே மாதத்துச் சென்னையில் சைக்கிளில் வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஓட்டிக்கொண்டிருக்கிறவரை அவ்வளவாக வியர்ப்பதில்லை. சிக்னலில் காலை ஊன்றிய அரை நிமிடத்தில் நெற்றியில் அரும்புகிறது. அலுவலகம் போய்ச் சேர்ந்து ஸ்டாண்டு போட்டதும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. மிதிக்கும்போது வராத வியர்வை, மிதிப்பதை நிறுத்திய பிறகு ஏன் இப்படிக் கொட்டுகிறது?

வியர்வை மிதிக்கும்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. சைக்கிளின் வேகத்தில் உடலை உரசிப்போன காற்று, வரவர அதை ஆவியாக்கிக் கொண்டுபோனது. நாம் பார்ப்பதற்குள் அது மறைந்துவிட்டது. நின்றதும் காற்று நின்றது. ஆனால் தசைகளில் ஏறியிருந்த சூடு உடனே தணிவதில்லை. வியர்வைச் சுரப்பிகள் சில நிமிடங்கள் அதே மும்முரத்தில் சுரந்துகொண்டே இருக்கின்றன. காற்று எடுத்துப்போகாத வியர்வை சொட்டுகிறது.

பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு இது சட்டையைப் பற்றிய கவலைதான். 300 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது உயிரைப் பற்றிய கணக்கு. கோடையில் நெடுந்தூரம் ஓட்டுவதற்கான பயிற்சி முழுவதும் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு பங்கு ஓட்டம், நான்கு பங்கு சூடு

அத்தியாயம் முழுவதும் நம்மோடு வர ஒரு சைக்கிள் வீரரைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னைக்காரர். எடை 70 கிலோ. கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓட்டக்கூடியவர். அந்த வேகத்தில் அவருடைய கால்கள் பெடலுக்குக் கொடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ 150 வாட். மின்விளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் அதே வாட்தான்.

மனிதத் தசை சிக்கனமான எந்திரம் அன்று. உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கோ, மிஞ்சிப்போனால் நான்கில் ஒரு பங்கோதான் பெடலுக்குப் போகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்றே கொள்வோம். 150 வாட் பெடலுக்குப் போக வேண்டுமானால் உடல் 750 வாட் செலவழிக்க வேண்டும். மீதி 600 வாட்டும் வெறும் சூடு.

இந்தச் சூடு வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், 70 கிலோ உடலின் வெப்பநிலை ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். 37 டிகிரியில் திருவான்மியூரில் கிளம்பியவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரையை எட்டும்போது 40 டிகிரியில் இருப்பார். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. சூட்டில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. எப்படி?

குளிர்ந்த ஊரில் சுற்றியுள்ள காற்றே உடல் சூட்டை வாங்கிக்கொள்ளும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்றும் 34, 35 டிகிரியில் இருக்கும் ஊரில் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடுகிறது. மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். நம் வீரர் ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவது 2,160 கிலோஜூல். ஆகவே மணிக்கு 900 மில்லிலிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். தோல் மேல் விழும் வெயிலையும் சேர்த்தால் ஒரு லிட்டருக்கு மேல்.

ஆவியாக வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். முழங்கையிலிருந்து தார் மேல் சொட்டும் துளி உடலைக் குளிர்விப்பதில்லை. உடலின் நீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு வீணாகப் போய்விடுகிறது.

வெந்த இறைச்சி, வேகாத மனிதர்

ஆவியாதலின் வலிமையை லண்டனில் சிலர் 1774-லேயே தங்கள் உடலில் சோதித்துப் பார்த்தார்கள். சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும் அவருடைய நண்பர்களும், கொதிநீரைவிடச் சூடாக்கப்பட்ட ஓர் அறைக்குள் நுழைந்தார்கள். ஒரு சமயம் அறையின் வெப்பநிலை 127 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போனது. கூடவே கொண்டுபோன மாட்டிறைச்சித் துண்டு அந்த அறையின் காற்றிலேயே வெந்தது. முட்டை கெட்டியானது. உள்ளே போனவர்கள் நலமாக வெளியே வந்தார்கள். 1775-ல் ராயல் சொசைட்டியின் இதழில் இந்தச் சோதனைகளின் விவரம் வெளியானது.

இறைச்சிக்கு வியர்க்காது, மனிதருக்கு வியர்க்கும். அறையின் காற்று உலர்ந்திருந்ததால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி, தோலைக் காப்பாற்றியது. அதே அறையை நீராவியால் நிரப்பியிருந்தால் கதை வேறு விதமாக முடிந்திருக்கும்.

நம் வீட்டு மண்பானையிலும் இதே விதிதான் வேலை செய்கிறது. அக்கினி நட்சத்திரத்தில், உள்மாவட்டத்து உலர்ந்த காற்றில், பானைத் தண்ணீர் பல் கூசும் அளவுக்குக் குளிர்கிறது. ஐப்பசி மழையில் அதே பானை வெளிப்புறமெல்லாம் ஈரமாக நிற்கும். உள்ளிருக்கும் தண்ணீர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. கசிவு இருந்தால் போதாது, கசிந்ததை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடமும் இருக்க வேண்டும்.

வெப்பமானி சொல்லாத கணக்கு

அந்த இடத்தை அளந்து பார்க்கலாம். 35 டிகிரியில் ஈரமாக இருக்கும் தோலை ஒட்டிய காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவி இருக்கும். சுற்றியுள்ள காற்றில் அதைவிட எவ்வளவு குறைவாக நீராவி இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக வியர்வை ஆவியாகும்.

சென்னையில் 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கிறது. தோலுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 16 கிராம். பாலைவனத்தில் 42 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் காற்றில் இருப்பது 6 கிராமுக்கும் குறைவு. வித்தியாசம் 34 கிராம். வெப்பமானியில் எட்டு டிகிரி அதிகம் காட்டும் பாலைவனம், வியர்வைக்கு இரண்டு மடங்கு இடம் கொடுக்கிறது.

இதை ஒரே எண்ணில் சொல்ல ஒரு பழைய வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வீசினால், ஆவியாதலால் அது எவ்வளவு வரை குளிர முடியுமோ அவ்வளவுக்கு இறங்கி நிற்கும். இதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். மேலே சொன்ன சென்னையில் அது 28 டிகிரி. பாலைவனத்தில் 20 டிகிரி. வானிலைச் செய்தியில் வரும் அதிகபட்ச வெப்பநிலையைவிட, சைக்கிள் வீரருக்கு இந்த எண்ணே அதிகம் பயன்படும்.

பாலைவனம் சுலபம் என்று இதற்குப் பொருளில்லை. அங்கே ஆபத்தின் வகை வேறு. ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ என்ற போட்டி ஜூன் மாதத்தில், கலிபோர்னியாவின் பசிபிக் கரையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மறு கரை வரை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். தனியாக ஓட்டுகிறவர்களுக்குக் கெடு 12 நாள். கிளம்பிய முதல் நாளிலேயே 40 டிகிரியைத் தாண்டும் பாலைவனத்தில் இறங்க வேண்டும். ஆஸ்திரியாவின் கிறிஸ்டோஃப் ஸ்ட்ராசர் 2014-ல் இதை 7 நாள் 15 மணி 56 நிமிடத்தில் முடித்தார். 2017-ல் ராணுவ மருத்துவரான ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத், இந்தப் போட்டியைத் தனியாக ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனார்.

அந்தப் பாலைவனத்தில் காற்று தோலைவிடச் சூடானது. வேகமாக ஓட்டினால் காற்று குளிர்விப்பதோடு சூட்டையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால் தேவைப்படும் வியர்வை மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தொடலாம். அவ்வளவும் நொடியில் காய்ந்துவிடும். உடையில் உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். வியர்க்கவே இல்லை என்று எண்ணிக்கொண்டே ஒருவர் வறண்டுபோவார். கடற்கரைச் சாலையில் வியர்வை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அதில் பாதி வீணாகிறது. ஓரிடத்தில் இழப்பு தெரிவதில்லை; இன்னோரிடத்தில் இழந்தும் பலன் கிடைப்பதில்லை.

எதிர்க்காற்றுக்கு ஒரு நல்ல வார்த்தை

நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் எதிர்க்காற்றைத் திட்டுவார்கள்; பின்காற்று கிடைத்தால் கொண்டாடுவார்கள். வெயில் நாளில் இந்தக் கணக்கு பாதி மாறிவிடுகிறது.

தோல் மேல் படும் காற்றின் வேகம் என்பது சைக்கிளின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்தது. மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்கு 10 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் தோல் மேல் 35 கிலோமீட்டர் காற்று. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் வெறும் 15. புதுச்சேரியிலிருந்து பிற்பகலில் சென்னைக்குத் திரும்பும்போது தென்கிழக்குக் கடற்காற்று முதுகில் தள்ளும். வேகம் கூடும், கூடவே புழுக்கமும் கூடும்.

இதைவிட மோசமானது மலை ஏற்றம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வேகம் 10 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். ஆனால் பெடலில் 200 வாட் கொடுத்தாக வேண்டும். அதாவது உடலில் 800 வாட் சூடு. சூடு அதிகபட்சமாக உண்டாகும் நேரத்தில் காற்று மிகக் குறைவாகப் படுகிறது. பின்காற்றும் அதே வேகத்தில் வீசினால் தோலுக்குக் காற்றே இல்லை. சிக்னலில் நிற்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

1967 ஜூலை 13 அன்று டூர் டி பிரான்ஸ் போட்டியில், மான் வாந்து மலையின் மொட்டைச் சரிவில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் கடும் வெயிலில் ஏறிக்கொண்டிருந்தார். சிகரத்துக்குச் சற்றுக் கீழே தள்ளாடி விழுந்து இறந்தார். வயது 29. அவருடைய உடலில் ஆம்ஃபிடமைன் என்ற ஊக்கமருந்தும் மதுவும் இருந்தது தெரியவந்தது. உடல் சூடேறும்போது மூளை தசைகளின் வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும். கால் ஓடவில்லை என்று நாம் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் காவலைத்தான். ஆம்ஃபிடமைன் அந்தக் காவலை மழுங்கடித்துவிடுகிறது.

தங்கச் சுரங்கத்துப் பாடம்

வெயிலைத் தாங்க உடலைப் பழக்க முடியும் என்பதை முறையாகக் கண்டறிந்த இடம் விளையாட்டு மைதானம் அன்று. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்கள் ஆழமாக ஆழமாகப் பாறையின் சூடு கூடியது. நுரையீரலைக் கெடுக்கும் தூசியை அடக்கத் தண்ணீர் தெளித்ததால் காற்றில் ஈரமும் ஏறியது. 1920-களில் அங்கே தொழிலாளர்கள் வெப்பத் தாக்கால் சாகத் தொடங்கினார்கள். பெரும்பாலும் கறுப்பினத்து ஏழைத் தொழிலாளர்கள்.

வேலைக்கு வந்த முதல் சில நாட்களில்தான் ஆபத்து அதிகம் என்பது தெரியவந்தது. அந்த நாட்களைக் கடந்தவர்கள் அதே சூட்டில் அதே வேலையைத் தாங்கினார்கள். பிற்காலத்தில் புதியவர்களை நேரே ஆழத்துக்கு அனுப்பாமல், சூடான ஈர அறைகளில் நாள்தோறும் சில மணி நேரம் படி ஏறி இறங்க வைத்துத் தயார் செய்யும் வழக்கம் வந்தது. சைக்கிள் வீரர்கள் இன்று செய்யும் வெப்பப் பயிற்சிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. இவ்வாறு உடல் சூட்டுக்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்வதை இங்கே வெப்பப் பழக்கம் என்று அழைப்போம்.

உடல் என்னதான் கற்றுக்கொள்கிறது?

முதலில் மாறுவது ரத்தம். வெயிலில் ரத்தத்தை இரண்டு இடங்கள் கேட்கின்றன: வேலை செய்யும் தசையும், சூட்டை வெளியேற்றும் தோலும். வயிற்றுக்குப் போவது குறைகிறது. வெயிலில் ஓட்டும்போது சாப்பாடு இறங்காமல் குமட்டுவது அதனால்தான். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறைவதால், அதே வேகத்துக்கு இதயம் அதிக முறை துடிக்க வேண்டியிருக்கிறது. சில நாள் வெப்பப் பயிற்சியிலேயே பிளாஸ்மா எனப்படும் ரத்த நீர்மத்தின் அளவு கூடுகிறது. பங்கிட அதிக ரத்தம் இருப்பதால் நாடித்துடிப்பு இறங்குகிறது. முதல் வாரம் முடிவதற்குள்ளேயே இந்த மாற்றம் பெரும்பாலும் வந்துவிடும்.

அடுத்தது வியர்வை. பழகிய உடலில் வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதிகம் சுரக்கிறது, உடம்பெங்கும் பரவலாகச் சுரக்கிறது. அதிலுள்ள உப்பும் குறைகிறது, ஏனெனில் வியர்வைச் சுரப்பி வெளியேறவிருக்கும் சோடியத்தை வழியிலேயே திரும்ப உறிஞ்சிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. இந்த மாற்றங்கள் முழுமை பெற 10 முதல் 14 நாள் ஆகும்.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நல்ல பயிற்சி பெற்ற 12 சைக்கிள் வீரர்களை 40 டிகிரி அறையில் 10 நாள் மிதிக்க வைத்தார்கள். 2010-ல் வெளியான முடிவின்படி, சூடான அறையில் அவர்களின் செயல்திறன் 8 சதவீதம் கூடியிருந்தது. குளிர்ந்த அறையிலும் 6 சதவீதம் கூடியிருந்தது. குளிர்ந்த சூழலில் பலன் உண்டா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. சூட்டில் பலன் உண்டு என்பதில் ஐயமில்லை.

சென்னையில் பிறந்தால் போதாதா?

நம் வீரர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: நான் வெயில் ஊர்க்காரன்தானே, எனக்கு எதற்கு இந்தப் பயிற்சி?

அவருடைய நாளைக் கவனிப்போம். வெயிலுக்குப் பயந்து காலை நாலரைக்கு எழுந்து சைக்கிள் ஓட்டுகிறார். ஆறரைக்கு வீடு திரும்புகிறார். பிறகு ஏசி அறையில் வேலை, ஏசி அறையில் தூக்கம். கத்திரி வெயில் கொளுத்தும் ஊரில் வாழ்கிறாரே தவிர, அந்த வெயிலில் அவருடைய தசை ஒரு மணி நேரம்கூட வேலை செய்வதில்லை. வெப்பப் பழக்கம் வர, உடலின் உள் வெப்பநிலை 38 டிகிரிக்கு மேல் ஏறி, நன்றாக வியர்த்து, அந்த நிலை நாள்தோறும் ஒரு மணி நேரமாவது நீடிக்க வேண்டும். முகவரி மட்டும் அதைத் தந்துவிடாது. பகலெல்லாம் கட்டட வேலை செய்கிறவரிடமும் வயலில் இறங்குகிறவரிடமும் இந்தப் பழக்கம் இருக்கிறது. விலையுயர்ந்த சைக்கிள் வைத்திருக்கும் நம் வீரரிடம் இல்லை.

நம் வீரரின் இரண்டு வாரம்

அவர் போகவிருப்பது 300 கிலோமீட்டர் ‘பிரவே’. பிரான்ஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிஸியன் வகுத்த விதிகளின்படி நடக்கும் நெடுந்தூர ஓட்டம் இது. யார் முதலில் வருகிறார் என்பது கணக்கில் இல்லை. கெடுவுக்குள் முடிக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. சென்னையிலிருந்து புதுச்சேரி போய்த் திரும்பும் பாதை, மே மாதம், காலை 5 மணிக்குத் தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு அவர் வெப்பப் பயிற்சியைத் தொடங்குகிறார். முதல் மூன்று நாள், காலை ஒன்பது மணி வெயிலில் 40 நிமிடம் மட்டும். நான்காம் நாளிலிருந்து ஒரு மணி நேரம். இரண்டாம் வாரத்தில் 90 நிமிடம் வரை. வேகம் எப்போதும் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய அளவில். கடினமான பயிற்சிகளை அதிகாலைக் குளிர்ச்சிக்கே விட்டுவிடுகிறார். வெயிலும் வேகமும் ஒரே நாளில் வேண்டாம். தனியாகவும் போவதில்லை.

பலனை நாடித்துடிப்பில் பார்க்கலாம். அதே சாலை, அதே நேரம், அதே 150 வாட். முதல் நாள் நிமிடத்துக்கு 155 துடிப்பு இருந்தால், பத்தாம் நாள் அது 140-ஐ ஒட்டி இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றாலோ, காலையில் எழும்போதே துடிப்பு வழக்கத்தைவிட அதிகம் என்றாலோ, தூக்கம் போதவில்லை அல்லது உடல் களைத்திருக்கிறது. அன்று ஓய்வு. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை, ஓய்வுதான்.

ஒன்பது மணிக்கு அலுவலகம் போகிறவருக்கு மாற்று வழி ஒன்று உண்டு. வேல்ஸில் உள்ள பாங்கர் பல்கலைக்கழகத்தில் ஓட்டக்காரர்களைக் குளிர்ந்த அறையில் 40 நிமிடம் ஓடவைத்து, உடனே 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்காரவைத்தார்கள். அதிகபட்சம் 40 நிமிடம், ஆறு நாள் தொடர்ந்து. வெப்பப் பழக்கத்தின் முக்கிய அடையாளங்கள் அதிலேயே வந்துவிட்டன. ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

சீக்கிரம் கற்ற உடல் சீக்கிரம் மறக்கவும் செய்யும். வெயிலை விட்டு விலகும் ஒவ்வொரு நாளும், பெற்ற பழக்கத்தில் சுமார் 2.5 சதவீதம் கரைகிறது. அதனால் கடைசி வாரத்தில் ஓய்வெடுக்கும்போதும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் வெயிலைத் தொட்டுவர வேண்டும்.

ஓட்ட நாளில் இன்னொரு கணக்கு கைகொடுக்கிறது. காலை 5 மணிக்குக் கிளம்பி 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், இடைநிறுத்தங்களையும் சேர்த்து 11.45 மணிக்குள் புதுச்சேரி. 150-ஆவது கிலோமீட்டர் சோதனைச் சாவடிக்கு, மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரிப்படி, கெடு மாலை 3 மணி. அங்கே முத்திரை வாங்கிவிட்டு, நிழலில் மூன்றே முக்கால் மணி நேரம் படுத்துவிடலாம். 3.30-க்குக் கிளம்பி 22 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் இரவு 11 மணியளவில் சென்னை. கெடு முடிவது நள்ளிரவு ஒரு மணிக்கு. உச்சி வெயிலில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல், இரண்டு மணி நேரம் மிச்சத்தோடு முடிக்கலாம்.

தண்ணீரும் உப்பும்

எவ்வளவு குடிப்பது? ஒவ்வொருவர் வியர்வையும் வேறு. அதை அளக்க ஒரு எடைக் கருவி போதும். நம் வீரர் பயிற்சிக்கு முன் 70 கிலோ. 90 நிமிடம் கழித்து, துடைத்துக்கொண்டு ஏறி நின்றால் 68.8 கிலோ. இடையில் 600 மில்லி குடித்திருக்கிறார். ஆக இழந்தது 1.8 லிட்டர், மணிக்கு 1.2 லிட்டர். இதில் பெரும்பகுதியைத் திரும்பக் குடித்தால் போதும். முழுவதையும் வயிறு வாங்காது.

இழந்ததைவிட அதிகம் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கும். ஓட்டி முடித்த பின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

ஒரு லிட்டர் வியர்வையில் ஆளைப் பொறுத்து அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை சோடியம் போகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதற்கு நல்ல துணை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகவே உள்ளே நுழைகின்றன, தண்ணீர் அவற்றைத் தொடர்கிறது. உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதே. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. தாகத்துக்கு அருமையானது, வியர்வை உப்பை ஈடுகட்டப் போதாது.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்கும் இடம் பார்க்க வேண்டும். உலர்ந்த ஊரில் ஊற்றிய தண்ணீர் வியர்வைக்குப் பதிலாக ஆவியாகி, உடல் நீரை மிச்சப்படுத்தும். கடற்கரையில் ஏற்கனவே ஈரமாக இருக்கும் தோல் மேல் ஊற்றுவதால் பெரிய பலனில்லை. ஊற்றும் தண்ணீர் நன்கு குளிர்ந்திருந்தால் மட்டும் உதவும்.

எங்கே நிறுத்துவது?

எந்தப் பயிற்சியும் இயற்பியலின் எல்லையைத் தாண்டாது. உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, மூளையும் தடுமாறத் தொடங்கினால் அது வெப்பத் தாக்கு. கோர்வையில்லாத பேச்சு, காரணமில்லாத எரிச்சல், நேர்கோட்டில் ஓட்ட முடியாமை, எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம் ஆகியவை அடையாளங்கள். வெப்பத் தாக்கு வந்தால் தோல் உலர்ந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் வியர்த்துக்கொண்டேகூட ஒருவர் விழலாம்.

அப்போது முதல் வேலை குளிர்விப்பது. மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அதற்கு அடுத்தது. அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டப் போட்டியில் 18 ஆண்டுகளில் வெப்பத் தாக்கு கண்ட 274 பேரையும் பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. நம் சாலைகளில் பனிக்கட்டித் தொட்டி இருக்காது. பக்கத்து வயலில் பம்ப்செட் தொட்டி இருக்கலாம்; இருந்தால் தலை மூழ்காமல் பிடித்தபடி அதில் உட்கார வையுங்கள். அதுவும் இல்லையென்றால் நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் விடாமல் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கூடவே 108-ஐ அழைக்க வேண்டும். சுயநினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கோடையில் நெடுந்தூரம் ஓட்டத் திட்டமிட்டிருந்தால் இரண்டு வாரத்தை உடலுக்குக் கொடுங்கள். கிளம்பும் முன் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் பாருங்கள். உங்கள் வியர்வையை ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். நன்றாகப் பழகிய உடலும் உச்சி வெயிலில் ஏற்றத்தில் தோற்கும் நாள் வரும். அன்று சைக்கிளை விட்டு இறங்கி நிழலில் உட்கார்ந்தவர் அடுத்த ஓட்டத்துக்கு வர முடியும்.